முதல் அடி இடது கையில்

மார்ச் 2

அன்புள்ள குருவிக்கு,

அண்ணி எழுதுவது. நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை.

ஜனவரி கடைசியில் உன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை திரும்பவில்லை. அதைவிடப் பெரிய இடி, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. அவர் சொல்ல வேண்டியதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வாய்க்குத்தான் வர மாட்டேன் என்கிறது. கழுத்து நரம்பு புடைக்க முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அழுகிறார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என் மேல் பாயாதே. போன் மணி அடித்தாலே தான் எடுத்துப் பேச வேண்டும் என்று பதறுகிறார். அதனால் அதை அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். கடிதம் எழுதலாம் என்றால் உட்கார்ந்து எழுத மனசு எங்கே இருந்தது?

இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு வழி சொன்னார். பேசுகிற இடம் மூளையில் ஒரு பக்கம் என்றால் பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உதவுமாம். பேச முடியாத சிலருக்கு, பாட்டாக இழுத்தால் வார்த்தை வந்துவிடுமாம். யாராவது அவர் கண் முன்னால் தாளம் தட்டிக்கொண்டே பாட வேண்டும், அவர் நல்ல கையால் கூடவே தட்ட வேண்டும். "தாளக்காரர்தானே, பிடிச்சுக்குவார். ஆனா முதல் சில மாசம்தான் முக்கியம். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

ரெக்கார்டு போட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் இசைக்குழுவில் இருந்தவர்கள் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, அவர்கள் படியிறங்கும்வரை எடுக்கவில்லை. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

என் லட்சணம் உனக்குத் தெரியும். உங்கள் கச்சேரிக்கு வந்தால் மேடையில் இருப்பவர்களின் சட்டைக் கை எப்படி வெட்டித் தைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு தனியாக ஒரு தட்டு தட்டுவேன். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டில் இருக்கிற பாங்கோ மேளத்தை வாசித்துக்கொண்டே பாடக் கற்றுக்கொடு. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

உனக்கு எழுதுவதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று நீயே அறிவாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? உங்கள் முதுகுவலி எப்படி? அண்ணனைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடிதத்தை இஸ்திரி மேஜை மேல் வைத்துப் படித்துக்கொண்டே ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கிவிட்டேன். இந்தச் சலவைக்கூடத்தில் அழுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. எல்லார் முகத்திலும் எப்போதும் ஆவி படிந்திருப்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

உடனே கிளம்பி வருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டு வருடம் முன்பு நான் குழுவை விட்டுக் கடல் தாண்டி இந்த வேலைக்குக் கிளம்பியபோது அண்ணன் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "நானாக் கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத." நானும் சும்மா இருந்தேனா? "நீ கூப்பிடாம நான் வந்தா என் பேரை மாத்தி வச்சுக்கோ" என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அவர் கூப்பிட வாயே இல்லை என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குழு ஆட்களைப் பார்த்துப் போர்வையை இழுத்துக்கொண்டார் என்கிறீர்கள். என்னைப் பார்த்தும் இழுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் அண்ணி?

சரி, பாடத்துக்கு வருகிறேன். ஜோடியில் சின்ன பாங்கோ உங்கள் வலப்பக்கம், பெரியது இடப்பக்கம் வருமாறு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். விரல் நுனியால் அடிக்காதீர்கள், விரலின் அடிப்பக்கம் விளிம்பில் பட வேண்டும். முதல் அடி இடது கையில். பிறகு வலது, இடது, வலது. முதல் அடிக்கு மட்டும் அழுத்தம். இது தூக்கத்தில்கூட வர வேண்டும்.

பாட்டு, நாங்கள் சின்ன வயதில் கட்டியது. நான் வெளியே நின்று கதவைத் தட்டுவேன். அண்ணன் உள்ளே இருந்து கேள்வியைப் பாடுவார், நான் பதில் பாடுவேன்.

வாசல்ல நிக்கிறது யாரு?
நான்தானே, வந்து பாரு.

கேள்வியை நீங்கள் பாடுங்கள். பதிலை அவருக்கு விட்டுவிடுங்கள். இரண்டே வரி. உங்களால் முடியும்.

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்கிற மாதிரி இருந்தால் எழுதுங்கள்.

குருவி


ஏப்ரல் 8

அன்புள்ள குருவிக்கு,

சுகமா? கருகின விரிப்புக்கு உன் சம்பளத்தில் கை வைத்தார்களா? இங்கே அவர் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. ஒரு வேளை சாப்பிட்டால் ஒரு வேளை வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிறார்.

என்னால் முடியவில்லை. தனியாகத் தட்டச் சொன்னால் தட்டுகிறேன். தனியாகப் பாடச் சொன்னால், சுமாராக, பாடுகிறேன். இரண்டையும் சேர்த்தால் வாய் கையின் பின்னால் ஓடுகிறது. "வா" ஒரு அடி, "சல்ல" ஒரு அடி என்று ஆணி அடிப்பது போல வருகிறது. வாயை இழுத்துப் பிடித்தால் கை நின்றுவிடுகிறது. இடது கையில் தொடங்கச் சொன்னாயே, அந்தக் கை என் பேச்சைக் கேட்பதே இல்லை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "ஏதாவது உடைக்கிறீங்களா? ஆள் வேணுமா?" என்று கேட்டார்.

சிரிப்புக்காக எழுதவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து நான் தப்பும் தவறுமாகத் தட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. ஆயுள் முழுக்கத் தாளம் பிசகாத மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் யாருக்குப் பாடுவது?

அந்த அம்மா சொன்ன முதல் சில மாதங்கள் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கின்றன. வேறு ஏதாவது வழி சொல். நன்றாகத் தூங்கு.

அண்ணி

பி.கு. உன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று எழுதியிருந்தாய். என்ன கேட்கிறார் என்றே எங்களுக்குத் தெரிவதில்லை, அம்மா.


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பும் அண்ணன் உடம்பும் எப்படி? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீராவியில் வெந்துகொண்டு திடமாக இருக்கிறேன்.

உங்களுக்கு ஏற்கெனவே வருகிற வித்தையைத்தான் வராது என்று சாதிக்கிறீர்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதியில் ஓடும், கை துணியைத் தள்ளும், வாய் மட்டும் அளவு கொடுக்க வந்த அம்மாவின் மருமகள் கதையை ஒன்று விடாமல் கேட்டு வாங்கும். ஒரு நாளாவது உங்கள் கால் உங்கள் வாயின் பின்னால் ஓடியதா? கால் பாட்டுக்குக் கால், வாய் பாட்டுக்கு வாய். ஏனென்றால் நீங்கள் காலை நினைப்பதே கிடையாது.

அதனால் பாங்கோவைக் கொஞ்ச நாள் தூக்கி வையுங்கள். மெஷினில் துணி வைக்காமல் மிதியுங்கள். மிதித்துக்கொண்டே அந்த வரியை முதலில் வெறுமனே சொல்லுங்கள், யாரோ கதவைத் தட்டினால் கேட்பீர்களே, அப்படி. பிறகு முனகுங்கள். பிறகு பாடுங்கள். கால் ஓடும்போது வாய் தனியாக நிற்கப் பழகிவிட்டால், காலின் வேலையைக் கைக்கு மாற்றிவிடலாம்.

நாங்களும் அப்படித்தான். கையை மறக்கும்வரை வாசிப்போம், மறந்த பிறகு பாடுவோம்.

அண்ணன் திரும்பிப் படுத்தாலும் விடாதீர்கள். முதுகுக்கும் காது கேட்கும்.

குருவி


மே 12

குருவிக்கு,

நலம் கேட்டதாக வைத்துக்கொள்.

மெஷினில் பாட்டு வந்துவிட்டது. நீ சொன்னது சரி. மிதித்துக்கொண்டே முழு வரியும் பாடுகிறேன், கால் ஒரு தரம்கூட நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அழுதேன். பாங்கோவை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். கையும் வாயும் சேர்ந்து வந்தன. சத்தியமாக வந்தன.

அவர் இடது கையால் பாங்கோவைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். பெரியதன் விளிம்பு விண்டுவிட்டது.

அது போகட்டும். மறுநாள் மதியம் நான் கடைக்குப் போய் நூல் வாங்கி வருவதற்குள் மெஷின் அருகே இருந்த என் பெரிய கத்தரிக்கோல் அவர் தலையணைக்கு அடியில் போய்விட்டது. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. அவர் எதற்கு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்ல முடியாதே.

இப்போது கத்தரிக்கோல்களை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன். கடைக்குப் போவதில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், நான் குளிக்கும் நேரம் அவர் வந்து உட்காருகிறார். ஆஸ்பத்திரியில் சொன்னேன், மாத்திரை கொடுத்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது குருவி. அவர் பேசாவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இருந்தால் போதும்.

அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் இருவரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நலம் விசாரிப்பு. கத்தரிக்கோலை இடுப்பை விட்டு எடுக்காதீர்கள். ஊசிப் பெட்டியையும் கீழ்வீட்டில் கொடுத்து வையுங்கள். அண்ணனைத் தனியாக விடாதீர்கள்.

இங்கே மேற்பார்வையாளரிடம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். ஒப்பந்தம் முடியாமல் போனால் திரும்பி வர முடியாது, வேலை போனது போனதுதான் என்றார். அதற்காகப் பின்வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அண்ணன் கூப்பிட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள், விரிப்பை மேஜையில் அப்படியே போட்டுவிட்டு வருகிறேன். கூப்பிடாமல் வந்து, என்னைக் கண்ட கோபத்திலும் அவமானத்திலும் அவர் ஏதாவது செய்துகொண்டால்? கத்தரிக்கோல் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்த நினைப்புதான்.

இன்னொன்று. என் கையை வெட்டிப் போட வேண்டும் அண்ணி. நேற்று இஸ்திரி மேஜையில் என்னை அறியாமல் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணி மடிப்பவள் பார்த்துவிட்டு, "எல்லாம் நொட்டாங்கையிலேயே வாசிக்கிறியே, உனக்கு எப்படி வருது?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இடதுகைக்காரி! பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுத மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். அதனால் யாருக்கும் நினைவில்லை, எனக்கே நினைவில்லை. பாங்கோ மட்டும் என்றைக்கும் இடது கைதான். என் கைக்கு வருவதை உங்களுக்கு அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறேன். உங்களைப் போன்ற வலதுகைக்காரர்களுக்குச் சின்னது இடப்பக்கம் இருக்க வேண்டும், முதல் அடி வலது கையில். இத்தனை நாள் உங்களைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். அண்ணன் எறிந்ததுகூட அதனால்தானோ என்னவோ.

மாற்றிக்கொள்ளுங்கள். மன்னித்துவிடுங்கள்.

குருவி


ஜூன் 19

அன்புள்ள குருவிக்கு,

இருக்கிறோம். இரண்டு பேரும் இருக்கிறோம். நீ பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நான் எதையும் மாற்றப் போவதில்லை. உன் கடிதம் வருவதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

அவர் எதிரே உட்கார எனக்கு அப்புறம் தைரியம் வரவில்லை. விளிம்பு விண்ட பாங்கோவை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவருக்கு இடப்பக்கம், அவர் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எறிந்தால் எறியட்டும், என் முகத்தையாவது பார்க்காமல் எறியட்டும் என்று. மெஷினை நினைத்துக்கொண்டு, நீ சொன்னபடி முதல் அடியை இடது கையில் போட்டேன். பாடினேன்.

வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு போர்வை மேல் கிடந்த அவருடைய இடது கை, என் இடது கையோடு சேர்ந்து விழுந்தது. அடுத்த அடியிலும் விழுந்தது. நான் வலது கையில் தொடங்கியிருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டிருப்பார்? அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு கைதானே. உன் தப்புக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

அன்று முதல் தினமும் தட்டுகிறோம். நன்றாகச் சாப்பிடுகிறார். நான் கேள்வியைப் பாடிவிட்டு, பதிலுக்கு இடம் விட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்த இடைவெளியில் அவர் உதடு அசைகிறது.

போன வாரம் ஒரு சத்தம் வந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். துணி வெட்டக் கிடக்கிறது.

அண்ணி


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே எல்லாரும்? இங்கே நானும் நலம். கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கு நடுவே சிரித்தேனாம், மேற்பார்வையாளர் காய்ச்சலா என்று கேட்டார்.

துணி வெட்டக் கிடக்கிறது என்று யாராவது கடிதத்தை அந்த இடத்தில் நிறுத்துவார்களா? என்ன சத்தம்? வெறும் சத்தமா, வார்த்தையா? "நான்தானே" வந்ததா? தபால் வருகிற நேரம் கதவருகே போய் நிற்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

குருவி


ஜூலை 31

அண்ணிக்கு,

சுகம்தானா? பதிலே இல்லை. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது? அண்ணன் எப்படி இருக்கிறார்? நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள்.

குருவி


ஆகஸ்ட் 14

அன்புள்ள குருவிக்கு,

உன்னைத் தவிக்கவிட்டுவிட்டேன். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். கத்தரிக்கோல் இன்னும் என் இடுப்பில்தான். நீ நலமாக இரு.

அன்றைக்கு வந்தது வார்த்தைதான். "வாசல்ல நிக்கிறது யாரு?" என்று பாடிவிட்டு இடம் விட்டேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் இடது கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தெளிவாக, பழைய குரலில், "குருவி" என்றார்.

கைகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உடனே உனக்கு எழுதியிருக்கலாம். பொறாமையா என்றால், முதல் இரண்டு நாள் இருந்தது. விரல் வீங்கத் தட்டியவள் நான், வந்தது உன் பெயர். ஆனால் எழுதாததற்குக் காரணம் அது இல்லை. அன்று மாலை தண்ணீர் வேண்டும் என்று கை காட்டி "குருவி" என்றார். தலையணையைத் திருப்பிப் போடச் சொல்ல "குருவி". தோள் வலித்தால் "குருவி". என்னைக் கூப்பிடுவதும் "குருவி"தான். திரும்பி வந்தது அந்த ஒரே வார்த்தை, எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வருகிறது. பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் வந்து நின்றுவிடுமாம். மற்றவை வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அண்ணன் கூப்பிட்டார் என்று ஒரு வரி எழுதச் சொன்னாய். எழுதினால் விரிப்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவாய். தண்ணீருக்கும் தலையணைக்கும் சொல்கிற வார்த்தையை நம்பி, திரும்பப் போக முடியாதபடி உன்னைக் கடல் தாண்டி வரவழைக்கலாமா? அவர் உன்னைக் கூப்பிட்டாரா, வெறுமனே வாயில் வந்ததா? எனக்குத் தெரியவில்லை குருவி. அவரைக் கேட்டேன். "குருவியை வரச் சொல்லட்டுமா?" என்றேன். அழுதார். அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தான் சொல்வது தப்பு என்று அவருக்குத் தெரிகிறது. தண்ணீர் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறார். உன் பெயர் வந்து விழுந்ததும் முகம் சுருங்கிப்போகிறது, இடது கையால் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் இப்போது எனக்கு நாள் முழுவதும் வேலை. அவர் மறுபடி வாயைத் திறப்பதையே விட்டுவிடுவார் போலிருக்கிறது. நேற்று முழுக்கத் திறக்கவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் அவர் கூப்பிட்டார் என்று நான் எழுத மாட்டேன். நான் கூப்பிடுகிறேன், வா. வந்ததும் குரல் கொடுக்காதே. வாசலில் நின்று கதவைத் தட்டு, உன் இடது கையால், சின்ன வயதில் தட்டியது போல. நான் உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாசல்ல நிக்கிறது யாரு?" என்று பாடுவேன். அவருக்கு வேறு வார்த்தை தெரியாது, அந்த ஒன்றைத்தான் சொல்வார். சொன்னவுடன் நான் கதவைத் திறக்கிறேன்.

ஒரே ஒரு தடவையாவது, அவர் சொன்னது சரியாக இருக்கட்டும்.

உன் அண்ணி